தறி நின்ற பதினைந்து நிமிஷம்

பதினோரு மணிக்குப் பச்சைக் கோடு திடீரென்று மேலே ஏறியது. காலை எட்டரையிலிருந்து கீழேயே ஊர்ந்துகொண்டிருந்த கோடு. டீ டம்ளரை வாயருகே கொண்டுபோன மாரிசெல்வி அப்படியே நிறுத்தித் திரையைப் பார்த்தாள். நொடிக்கு எழுபது மெகாபைட் என்று முக்கி முனகிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் இப்போது நூறைத் தாண்டி எழுதிக்கொண்டிருந்தது. அவள் எதையும் தொடவில்லை, எதையும் மாற்றவுமில்லை. மேசைமேல் இருந்த சோதனைப் பெட்டிக்குள் மின்விசிறி எப்போதும்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் உயரத்திலேயே நடந்த கோடு, பதினொன்றேகாலுக்குப் படியில் கால் தவறியதுபோல விழுந்து பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அவளுடைய கம்பெனி சென்னையில் இருந்தது. அவள் சங்கரன்கோவிலில், கணவன் கோமதிசங்கரின் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷம். அதில் ஏழு வருஷமாக இந்த அறைதான் ஆபீஸ். சின்ன ஊர்களில் இருக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் சென்டர்களுக்குப் படங்களைச் சேமித்துவைக்கும் பெட்டிகளைச் செய்து கொடுக்கிற கம்பெனி அது. ஒரு ஆளுக்கு ஸ்கேன் எடுத்தால் ஐந்நூறு அறுநூறு துண்டுப் படங்கள் வரும். அத்தனையையும் டிஸ்க்கில் எந்த ஒழுங்கில் அடுக்குவது, எது எங்கே கிடக்கிறது என்று எப்படிக் குறித்துவைப்பது, எழுதும்போதே கரண்ட் போனால் எதைக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் கவனித்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். அதில் பல வகை உண்டு. கம்பெனி நாலு வருஷமாக எக்ஸ்ட்-ஃபோர் என்ற வகையையே வைத்திருந்தது. புதிதாக நாற்பது பெட்டி செய்யப்போகிற நேரத்தில், எக்ஸ்-எஃப்-எஸ் என்ற இன்னொரு வகைக்கு மாறினால் என்ன என்று பேச்சு வந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஓடவிட்டு வேகத்தை அளந்து சொல்லும் வேலை மாரிசெல்வியிடம் வந்தது.

அளப்பது அவளுக்குப் பிடித்த வேலை. யாராவது ஒன்றை ரொம்ப வேகம் என்றால், எவ்வளவு என்று கேட்டுவிடுவாள். தலைவலி கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்ன நாத்தனாரிடம்கூட, பத்துக்கு எத்தனை என்று கேட்டவள். விசேஷ வீடுகளில் அவள் பக்கத்து நாற்காலி கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை எக்ஸ்ட்-ஃபோரை ஓடவிட்டாள். இரண்டு லட்சம் ஸ்கேன் படங்களை எழுதவிட்டு, திரும்பப் படிக்கவிட்டு, மூன்று சுற்று. எழுதும் வேகம் எழுபத்தொன்று. மறுநாள் செவ்வாய்க்கிழமை அதே டிஸ்க்கை அழித்து எக்ஸ்-எஃப்-எஸ்ஸை ஓடவிட்டாள். நூற்று நாலு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே இருந்த அகலமான இடைவெளிக்கு அம்புக்குறி போட்டு, அறிக்கையை அனுப்பிவைத்தாள்.

கம்பெனியின் குரூப்பில் ஒரே ஒருத்தன்தான் மறுத்துப் பேசினான். ஷாஜித். கடையநல்லூர்க்காரன், பெட்டி எங்கே ரிப்பேரானாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். "இவ்ளோ வித்தியாசம் வராதுக்கா. எங்கயோ இடிக்குது. பழசுன்னா அதோட சீக்கெல்லாம் எனக்குத் தெரியும். புதுசு ஒரு நாள் காலைல படுத்துக்கிட்டா எழுப்பத் தெரியணும்லா," என்று எழுதியிருந்தான். மாரிசெல்வி யோசிக்கவே இல்லை. "டேட்டா இருக்கு தம்பி. தோணுறதெல்லாம் டேட்டா ஆகாது," என்று பதில் போட்டாள். பத்துப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். ஷாஜித் "சரிக்கா" என்று எழுதிவிட்டு அடங்கிவிட்டான். சென்னையில் இருந்த தலைமை அதிகாரி ஷீலா மேடம் எக்ஸ்-எஃப்-எஸ்ஸுக்கே மாறிவிடுவது என்று முடிவு செய்தார். நாளை வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பது பெட்டிகளிலும் அதை ஏற்றப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மாரிசெல்வி விளக்கிச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் அழகான படமாக இருக்கட்டுமே என்றுதான் இன்று மறுபடி ஓடவிட்டாள்.

அந்த எக்ஸ்-எஃப்-எஸ்தான் இப்போது எழுபத்திரண்டில் நின்றது, நடுவே அந்தக் கால்மணி நேரம் தவிர.

டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். முப்பத்தொன்பது டிகிரி, காலையிலிருந்து ஒரே மாதிரி. டீ ஆறிப்போய்விட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற முத்துத்தாய் குழாயடியில் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செல்வி, டீயக் குடிக்காமக் கொண்டாந்துட்ட? நாங்கள்லாம் குடிச்சிட்டு வேலைக்கே போயாச்சி."

"எப்பம்?"

"பதினோரு மணிக்கு. என்னைக்கும் அதான நேரம்? கால்மணி நேரந்தான், உம் மாப்ள விட்டுருவாரா?"

மாரிசெல்வி டம்ளரோடு அப்படியே நின்றாள். ஒன்பது வருஷத்தில் தறிச் சத்தம் அவள் காதுக்குக் கேட்பதே நின்றுபோயிருந்தது. வந்த புதிதில் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தவள். இப்போது, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அதைக் காது கொடுத்துக் கேட்டாள். எட்டுத் தறியும் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் அடித்துக்கொண்டிருந்தன. அறைக்குத் திரும்பி வந்து சோதனைப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பூனையின் முதுகில் கைவைத்ததுபோல ஒரு மெல்லிய நடுக்கம். மேசையைத் தொட்டாள், அதிலும் இருந்தது. மேசை ஒட்டியிருந்த சுவரைத் தொட்டாள். சுவரின் அந்தப் பக்கம் மூன்றாம் நம்பர் தறி.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தகடு சுற்றும். அதன்மேல் தலைமயிரைவிட மெல்லிய தடங்களில் ஒரு முள் எழுதும். நடுக்கம் வந்தால் முள் தடத்தைத் தவறவிட்டு மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் அவள் என்றைக்கோ படித்ததுதான். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமையை நாட்காட்டியில் தேடினாள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை கரண்ட் இல்லாத நாள். அவள் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடியிருக்கிறது. தறிகள் ஓடவில்லை. ஆள்களெல்லாம் அன்று லீவு.

ஓடிப்போய்க் கூடத்தின் வாசலில் நின்றாள். கோமதிசங்கர் ஐந்தாம் நம்பர் தறிக்குக் குனிந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தான்.

"ஏங்க! ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்துங்க!"

"என்னட்டி? கரண்ட் அடிச்சிட்டா?"

"இல்ல. நிறுத்துங்களேன், சொல்லுதேன்."

அவள் முகத்தைப் பார்த்தவன் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினான். எட்டாவது நின்றதும் தெருவில் போகிற மீன்காரரின் குரல் வீட்டுக்குள் வரை கேட்டது. அவள் பின்னாலேயே அறைக்குள் வந்து திரையைப் பார்த்தான். பச்சைக் கோடு நூற்று மூன்றில் நின்றது. "இப்பம் போட்டுப் பாருங்க," என்றாள். அவன் போய்த் தறிகளை ஓடவிட்டு வருவதற்குள் கோடு விழுந்திருந்தது.

கோமதிசங்கர் கையைப் பெட்டிமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "இது மூணாம் நம்பரு. அடிக்கட்டை கொஞ்சம் ஆடுது," என்றான். பிறகு கண்ணைத் திறந்து, "நம்ம தறியா உன் பெட்டியப் போட்டு ஆட்டுது?" என்று கேட்டான். குரலில் வருத்தமா பெருமையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவன் போன பிறகு அரைமணி நேரம் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். எக்ஸ்-எஃப்-எஸ் ஒன்றும் மோசமான சாமான் இல்லை. நாற்பது பெட்டிகளும் ஓடத்தான் போகின்றன. யாரும் திரும்ப அளந்து பார்க்கப்போவதில்லை. இதை அளக்கிற ஆளே அவள்தானே. ஆனால் ஏதோ ஒரு ஊரில், வாசலில் ஆள்கள் கையைப் பிடித்துக்கொண்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் காத்திருக்க, எழுந்திருக்காத பெட்டி முன்னால் ஷாஜித் தெரியாத கட்டளைகளைத் தேடிக்கொண்டு நிற்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. அவனுக்கு அந்தக் கஷ்டம் எதற்காக? அவள் வீட்டுத் தறி ஒரு நாள் ஓடாததற்காக. அதைவிடவும், தோணுறதெல்லாம் டேட்டா ஆகாது என்று பத்துப் பேர் பார்க்கத் தான் எழுதிய வரி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"ஷாஜித், நான் சொன்னது தப்பு."

பஸ்ஸில் இருந்தான் போல. ஹாரன் சத்தம். "எதுக்கா?"

"நூத்தி நாலுன்னு சொன்னேன்லா. அது எக்ஸ்-எஃப்-எஸ்ஸோட வேகம் இல்ல. அன்னைக்கு இங்கன கரண்ட் கட். எங்க தறி ஓடல. திங்கக்கெழம ஓடிச்சி. அந்த அதிர்வுதான் வித்தியாசம்."

"தறியா?" என்றான். பிறகு சிரித்தான். குத்திக்காட்டுகிற சிரிப்பாக இல்லை. "யக்கா, ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லிராதிய. நான் அன்னைக்கு ஒண்ணையும் அளந்து பாக்கல. சும்மா மனசுல பட்டுது, எழுதிட்டேன். நீங்க சொன்னது நியாயந்தான்."

"மனசுல பட்டது சரியாத்தான இருந்திருக்கு?"

"அது இன்னும் தெரியாதுல்லா. ரெண்டையும் தறி நிக்கும்போது ஓட்டிப் பாத்தாத்தான தெரியும்?"

அவளுக்கு அவன்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்த இடத்திலும் அளவு கேட்கிறானே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வேண்டும், மொத்தம் நாலு மணி நேரம். அடுத்த பராமரிப்பு நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் சொன்னால்தான் பிரயோசனம்.

சாப்பாட்டு நேரத்தில் கோமதிசங்கரிடம் கேட்டாள். சேலை லோடு வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டியிருப்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பதால் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். அவன் மோரை ஊற்றிப் பிசைந்தான். நெடுநேரம் பிசைந்தான்.

"நாலு மணி நேரமா?"

"ஆமா."

"கம்மியா அளந்தா ஆவாதா?"

"கம்மியா அளந்துதான் இப்படி ஆயிட்டு."

அவன் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அவள் அடுப்படியிலேயே நின்றாள். கூடத்தில் அவன் குரல் கேட்டது. "இன்னைக்கு மத்தியானம் தறி ஓடாது. எண்ணெ போடணும், பஞ்சு தட்டணும்னு ஒரு மாசமாச் சொல்லிட்டுத்தான இருக்கோம்? இன்னைக்குச் செஞ்சிருவோம். அந்த மூணாம் நம்பரையும் பாத்துருவோம், என்ன?" அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கிற பொன்னுச்சாமி என்னவோ கேட்டார். அதற்கு அவன் சொன்னது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "வீட்டுக்காரிக்கு ஒரு அளவு எடுக்கணுமாம் அண்ணாச்சி. நம்ம எடஞ்சலா இருக்கோம்."

ஒன்றரை மணிக்குச் சோதனை ஆரம்பமானது. முதலில் எக்ஸ்-எஃப்-எஸ்ஸுக்குப் பச்சைக் கோடு. கூடத்தில் துடைக்கிற சத்தமும் தட்டுகிற சத்தமும் மட்டும் இருந்தன. சுத்தியல் அடி விழுந்தபோது கோடு லேசாகத் துள்ளியதைப் பார்த்து மாரிசெல்வி ஓடிப்போய்ச் சொல்ல, பொன்னுச்சாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் திருகினார். மூன்றரைக்கு டிஸ்க்கை அழித்து எக்ஸ்ட்-ஃபோரை ஆரம்பித்தாள். அதற்கு நீலம். நாலு மணி வாக்கில் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு முத்துத்தாய் அறைக்கு வந்தாள். பின்னாலேயே பொன்னுச்சாமி. நீலக் கோடு பச்சையை உரசிக்கொண்டு இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டிருந்தது.

"இதுல எது ஓடுது, எது தொரத்துது?" என்றாள் முத்துத்தாய்.

"பச்ச மொதல்லயே ஓடி முடிச்சிட்டுக்கா. இப்பம் நீலம் ஓடுது. எவ்வளவு கிட்ட வருதுன்னு பாக்கோம்."

"அப்பம் பச்சைக்குத் தெரியாதா, நீலம் பின்னால வருதுன்னு? பாவம்." கொஞ்சம் யோசித்தாள். "நான் நீலத்துக்கு."

பொன்னுச்சாமி பச்சைக்கு நின்றார். தோற்றவர் வீட்டிலிருந்து நாளைக்கு அதிரசம் கொண்டுவர வேண்டும் என்று பேச்சானது. கோமதிசங்கரும் வந்து நிலைக்கதவில் சாய்ந்துகொண்டான். அந்த அறைக்குள் இத்தனை பேர் வந்து, அவள் வேலையை இப்படிக் கண்கொட்டாமல் பார்த்தது ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நீலம் சற்று மேலே போனால் முத்துத்தாய் தொடையைத் தட்டினாள். கீழே இறங்கினால் பொன்னுச்சாமி மீசையைத் தடவினார். நொடிக்கு ஒரு மெகாபைட் வித்தியாசத்துக்கு இவ்வளவு ஆரவாரம் நடப்பதை ஷீலா மேடம் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தபோது மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தரைக்கு முடிந்தது. பச்சை நூற்று மூன்று. நீலம் நூற்றிரண்டரை.

"அப்பம் பச்ச ஜெயிச்சிட்டு," என்றார் பொன்னுச்சாமி.

"இல்ல அண்ணாச்சி. அரைங்கிறது ஒரு வித்தியாசமே இல்ல. நாளைக்கு ஓட்டுனா நீலம் அரை கூடுதலா வந்தாலும் வரும். ரெண்டும் ஒண்ணுதான்."

"இதுக்கா நாலு மணி நேரம் தறிய நிறுத்துன?" என்று முத்துத்தாய் வாயில் கைவைத்தாள். ஆனால் இருவருமே அதிரசம் கொண்டுவருவதென்று முடிவானது.

தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. மாரிசெல்வி எக்ஸ்ட்-ஃபோரை இன்னொரு முறை, இந்தத் தடவை தறி ஓடும்போதே ஓடவிட்டாள். நீலமும் எழுபத்தொன்றுக்கு வந்து உட்கார்ந்தது. நாலு எண்களையும் ஒரு கட்டத்தில் எழுதினாள். பிறகு அதே குரூப்பில், கைதட்டல்கள் இருந்த அதே இடத்தில் எழுதினாள்: "மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கொடுத்த அளவு தவறு. வித்தியாசம் ஃபைல் சிஸ்டத்தில் இல்லை, எங்கள் வீட்டுத் தறியில் இருந்தது. புதிய அளவுகள் கீழே. இரண்டும் சமம் என்றால் மாற வேண்டிய அவசியம் இல்லை. ஷாஜித் அன்றைக்கே சந்தேகப்பட்டார். நான் கேட்டிருக்க வேண்டும்." அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் குப்புற வைத்தாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. ஷீலா மேடம். மாரிசெல்வி எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தாள்.

"மாரிசெல்வி, உங்க வீட்ல தறி இருக்குன்னு ஏன் இத்தனை வருஷமா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"அது... வேலைல எடஞ்சல் வராது மேடம், நான்—"

"அதச் சொல்லலைங்க. நம்ம சென்டர்கள்ல பாதிக்குமேல ஜெனரேட்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கு. ஒரு சென்டர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலேயே இருக்கு. நாம இங்க ஏசி ரூம்ல, அசையாத மேசைமேல வச்சு அளந்துட்டு, அங்க போய் ஏன் மெதுவா இருக்குன்னு நாலு வருஷமா முழிச்சிட்டு இருக்கோம். இனிமே எந்தப் பெட்டி வந்தாலும் உங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன். ஓடும்போது ஒண்ணு, நிக்கும்போது ஒண்ணு, ரெண்டையும் அளந்து கொடுங்க." பிறகு, "பழசே இருக்கட்டும். ஷாஜித்துக்குச் சொல்லிடுறேன்," என்றார். முன்னால் கொடுத்த தப்பான அறிக்கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதையும் சேர்த்தே விளக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கோமதிசங்கர் பழைய பெல்ட்டிலிருந்து நாலு துண்டு ரப்பர் வெட்டிக்கொண்டு வந்து பெட்டிக்கு அடியில் வைத்தான். எழுபத்தாறு. முகம் சுருங்கிப்போனது அவனுக்கு. மத்தியானம் கிழிந்த மெத்தையிலிருந்து ஸ்பாஞ்ச் எடுத்து வந்தான். எண்பத்தொன்பது. "பாத்தியா?" என்றான். அன்று அவன் ஐந்து தடவையாவது அந்த அறைக்கு வந்திருப்பான். இப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டில் இன்னொரு ஆளுக்கும் எண் கேட்கிற வியாதி தொற்றிக்கொண்டதில் மாரிசெல்விக்கு ரொம்பவே சந்தோஷம். ஸ்பாஞ்ச் தொண்ணூறைத் தாண்டவில்லை. சென்னைக்கு அந்த எண்ணையும் எழுதி அனுப்பினாள். அங்கே அடியில் வைக்க வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் புதிய பெட்டிகளில் ஒன்று திருவேங்கடத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டருக்கு வந்தது. பக்கத்து ஊர்தானே, போய்ப் பார்க்கலாமே என்று மாரிசெல்வி டவுன் பஸ் ஏறினாள். ஷாஜித் முன்னதாகவே வந்து ஒயரெல்லாம் மாட்டி முடித்திருந்தான். "வாங்கக்கா," என்றவன், பெட்டியின் மூடியைத் தட்டிக் காட்டி, "இதோட சீக்கெல்லாம் எனக்கு அத்துப்படி," என்றான். இருவரும் சிரித்தார்கள்.

முதல் ஆளாக உள்ளே வந்தது ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை ஒடிக்க வேம்பில் ஏறி விழுந்த ஒரு அம்மா. சேலை ஓரத்தில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். படம் எடுத்தார்கள். பெட்டியில் விளக்கு இரண்டு முறை மினுங்கியது. அவ்வளவுதான், பதிந்துவிட்டது. திரையில் அவள் கை விரிந்து கிடந்தது. கறுப்புக்குள் வெள்ளையாக விரல் விரலாக, மணிக்கட்டுக்குக் கீழே நூல்போல ஒரு கீறலோடு.

"இதா எங் கை?" என்றாள் அந்த அம்மா.

ஆமாம் என்றார்கள். அவள் நம்பாதவள்போலத் திரைக்கு அருகே வந்தாள். வலிக்கிற கையை மெல்ல மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, நல்ல கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒவ்வொரு விரலாக அசைத்தாள்.